பழைய ராக், சோல் இசையில் பெயர் விடுபட்ட பெண்களைக் கண்டுபிடித்துக் கேட்பது எப்படி?

எல்விஸ் பிரெஸ்லியின் ‘ஹவுண்ட் டாக்’ பாட்டை ஒரு முறையாவது கேட்டிருப்பீர்கள். அவர் பாடுவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே ஒரு பெண் அதைப் பாடிப் பதிவு செய்திருந்தார். ரோலிங் ஸ்டோன்ஸின் ‘கிம்மி ஷெல்டர்’ பாட்டில் உடம்பு சிலிர்க்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே கேட்பது மிக் ஜாகரின் குரல் இல்லை, வேறொரு பெண்ணின் குரல். 1960களில் லாஸ் ஏஞ்சலஸில் தயாரான ஏராளமான வெற்றிப் பாடல்களுக்கு பேஸ் கிட்டார் வாசித்ததும் ஒரு பெண்தான்.

இவர்கள் எல்லோரும் மேடையிலும் ஸ்டுடியோவிலும் இருந்தவர்கள். இசைத்தட்டின் லேபிளிலும் பின்னாளில் எழுதப்பட்ட வரலாற்றிலும்தான் பெயர் விடுபட்டுப் போனது. அதனால் புதிதாகக் கேட்க வருகிறவர்களுக்கு நான் சொல்கிற வழி ஒன்றே: பாட்டிலிருந்து தொடங்காமல், நிகழ்ச்சியிலிருந்து தொடங்குங்கள். யார் பாடுகிறார், யார் வாசிக்கிறார் என்று கண்ணால் பார்த்துவிட்டு, அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு தட்டுகளுக்குப் போங்கள்.

தேவையானவை: இணைய இணைப்புள்ள ஒரு போன், ஒரு நல்ல இயர்போன், ஒரு நோட்டுப் புத்தகம். இயர்போன் இல்லாமல் போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்க வேண்டாம். சின்ன ஸ்பீக்கரில் கீழ்ஸ்வரங்கள் கேட்கவே கேட்காது. பேஸ் கிட்டார் வாசித்த பெண்கள் அங்கேயே காணாமல் போய்விடுவார்கள்.

முதலில் ஒரே ஒரு நிகழ்ச்சி

1964 மே மாதம். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ரயில் நின்றுபோன ஒரு பழைய ஸ்டேஷன், வில்பிரகாம் ரோடு. கிரனாடா தொலைக்காட்சிக்காரர்கள் அதை அமெரிக்கத் தென்மாநிலத்து ஸ்டேஷன் போல ஜோடித்து வைத்திருந்தார்கள். ரசிகர்களை ரயிலில் ஏற்றி அங்கே கொண்டுவந்து ஒரு பிளாட்பாரத்தில் உட்கார வைத்தார்கள். தண்டவாளத்துக்கு எதிர்ப்பக்கம் இருந்த பிளாட்பாரம்தான் மேடை. அன்று மழை பெய்தது. குதிரை வண்டியில் வந்து இறங்கினார் 49 வயதுப் பெண்மணி ஒருவர். மேல்கோட்டோடு நின்று, வெள்ளை நிற எலக்ட்ரிக் கிட்டாரை மாட்டிக்கொண்டு, மழையைப் பற்றிய ‘டிட்ன்ட் இட் ரெயின்’ என்ற பாட்டையே எடுத்தார். அவர்தான் சிஸ்டர் ரொசெட்டா தார்ப்.

இந்த வீடியோ யூடியூபில் இருக்கிறது. அவர் பெயரோடு மான்செஸ்டர், 1964 என்று ஆங்கில எழுத்தில் போட்டால் வந்துவிடும். மூன்று முறை பாருங்கள். முதல் முறை சும்மா அனுபவியுங்கள். இரண்டாம் முறை அவருடைய கைகளை மட்டும் கவனியுங்கள். பாடி முடித்த வரிக்கு கிட்டார் பதில் சொல்லும். நடுவில் தனியாக வாசிக்கும்போது கம்பியை இழுத்து ஸ்வரத்தை வளைப்பார். பின்னால் வந்த ராக் கிட்டார் கலைஞர்கள் பலரிடம் நாம் பார்த்து வியக்கும் வித்தைகள்தான் இவை. மூன்றாம் முறை எதிரே உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்கார இளைஞர்களின் முகங்களைப் பாருங்கள். எலக்ட்ரிக் கிட்டாரை ஒரு பெண் இப்படி வாசிப்பதை அவர்களில் பலர் அதற்கு முன் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

அதற்குப் பிறகு காலத்தில் பின்னோக்கிப் போங்கள். தார்ப் 1915இல் ஆர்கன்சா மாநிலத்தில் பிறந்தவர். அம்மா மாண்டலின் வாசித்து ஊழியம் செய்தவர். குழந்தைப் பருவத்திலேயே தேவாலயத்தில் கிட்டார் வாசிக்கத் தொடங்கிவிட்டார். 1938 டிசம்பரில் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் பாடினார். 1944இல் அவர் பதிவு செய்த ‘ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹேப்பனிங் எவ்ரி டே’ அடுத்த ஆண்டு, கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகளுக்கென்று பில்போர்டு பத்திரிகை தனியாக வைத்திருந்த பட்டியலில் ஏறியது. ராக் அண்ட் ரோலின் முதல் தட்டு எது என்ற வாதம் எப்போது வந்தாலும் இந்தப் பாட்டின் பெயரும் வரும். 1947இல் ஜார்ஜியாவின் மேக்கன் நகரில் ஒரு 14 வயதுப் பையனைத் தன் நிகழ்ச்சியில் மேடையேற்றிப் பாட வைத்தார். அந்தப் பையன்தான் லிட்டில் ரிச்சர்ட்.

இப்படிப்பட்டவர் 1973இல் பிலடெல்பியாவில் இறந்தபோது கல்லறைக்கு ஒரு கல்கூட வைக்கப்படவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த இடம் அப்படியே கிடந்தது. ரசிகர்கள் பணம் திரட்டிய பிறகுதான் கல் வந்தது. ராக் இசைச் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் அவருக்கு இடம் கிடைத்தது 2018இல். அவரைக் கேட்டு வளர்ந்தவர்கள் பலர் அதற்கு எத்தனையோ ஆண்டுகள் முன்பே அங்கே சேர்க்கப்பட்டிருந்தார்கள். இதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

ஒரு கலைஞரோடு ஒரு வாரமாவது இருங்கள். ஒரே நாளில் இருபது பெயர்களைத் துரத்தினால் ஒன்றும் மனதில் நிற்காது. தார்ப்பைக் கேட்டு முடித்தால் அவரோடு இணைந்து பாடிய மேரி நைட்டின் பெயர் தானாக வரும். நோட்டில் அதை எழுதிக்கொள்ளுங்கள். தேடல் வளர்வது இப்படித்தான்.

இதை முதலில் பாடியது யார்?

உங்களுக்குப் பிடித்த பழைய ராக் பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ‘செகண்ட்ஹேண்ட் சாங்ஸ்’ என்ற இணையதளத்தில் பாட்டின் பெயரைப் போட்டால், முதலில் பதிவு செய்தவர் யார், பிறகு யார் யார் எந்த ஆண்டில் பாடினார்கள் என்று வரிசையாகக் காட்டும். பழைய பாட்டின் துண்டை எடுத்துப் புதிய பாட்டில் சேர்த்திருந்தால் அதை ‘ஹூசாம்பிள்ட்’ தளம் காட்டிக்கொடுக்கும்.

‘ஹவுண்ட் டாக்’ பாட்டைப் போட்டுப் பாருங்கள். முதல் பெயர் பிக் மாமா தார்ன்டன். 1952 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸில், ஜானி ஓட்டிஸின் குழுவோடு பதிவு செய்தார். 1953இல் தட்டு வெளிவந்து, கறுப்பினக் கலைஞர்களின் இசைக்கான ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது. லீபர், ஸ்டாலர் என்ற இரண்டு இளைஞர்கள் அவருக்காகவே எழுதிய பாட்டு அது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். தார்ன்டன் பாடுவதில் ஒரு பெண், தன் வீட்டில் ஒட்டிக்கொண்டு தின்னும் ஆளை வாசலுக்கு வெளியே தள்ளுகிறாள். எல்விஸிடம் வந்து சேர்வதற்குள் வரிகள் மாறி, அது முயல் பிடிக்கத் தெரியாத நாயைப் பற்றிய பாட்டாகிவிட்டது. வேகம் கூடியிருக்கிறது, கதை போய்விட்டது. தார்ன்டன் பாடும் வேகத்தில் அலட்சியமும் கோபமும் சேர்ந்து நிற்கும். பீட் லூயிஸின் கிட்டார் அந்தக் குரலுக்குப் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே வரும். என்னைக் கேட்டால் முதல் பதிவுதான் உயர்ந்தது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்தப் பாட்டுக்காகத் தனக்குக் கிடைத்தது 500 டாலர் மட்டுமே என்று தார்ன்டன் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1965இல் அமெரிக்கன் ஃபோக் புளூஸ் ஃபெஸ்டிவல் குழுவோடு ஐரோப்பா போனபோது இதே பாட்டை அவர் பாடிய வீடியோவும் கிடைக்கிறது. அவர் பின்னால் கிட்டார் வாசிப்பது படி கை என்ற இளைஞர். 1967இல் மான்டெரே இசை விழாவில் ராக் பாடகி ஜேனிஸ் ஜோப்ளினை உலகம் அறிய வைத்த ‘பால் அண்ட் செயின்’ பாட்டும் தார்ன்டன் எழுதியதே. ஜோப்ளின் அதை மறைக்கவில்லை, மேடைகளில் சொல்லியே பாடினார். தார்ன்டன் 1984இல் காலமானார். ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2024இல்.

லெட் செப்பலின் ராக் குழுவின் ரசிகர்களுக்கும் இதில் வேலை உண்டு. அந்தக் குழு பாடிய ‘வென் தி லெவி பிரேக்ஸ்’ பாட்டை 1929இல் முதலில் பதிவு செய்தவர்கள் மெம்பிஸ் மின்னியும் கேன்சஸ் ஜோ மெக்காயும். அந்தத் தட்டில் மின்னியின் கிட்டாரைக் கேளுங்கள்.

லேபிளை அப்படியே நம்ப வேண்டாம்

1962 நவம்பரில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த ‘ஹீஸ் எ ரெபல்’ தட்டில் கிரிஸ்டல்ஸ் என்று போட்டிருக்கும். கிரிஸ்டல்ஸ் குழுப் பெண்களில் ஒருவர்கூட அதில் பாடவில்லை. அவர்கள் நாட்டின் மறுகரையில் இருந்தார்கள். தயாரிப்பாளர் பில் ஸ்பெக்டருக்கு அவசரம். வேறொருவர் அதே பாட்டைப் பதிவு செய்துகொண்டிருந்தார். லாஸ் ஏஞ்சலஸில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த டார்லீன் லவ்வையும் அவருடைய பிளாசம்ஸ் குழுவையும் பாட வைத்து, லேபிளில் கிரிஸ்டல்ஸ் பெயரைப் போட்டுவிட்டார். பாடியவருக்குப் பெயர் இல்லை. பெயர் இருந்தவர்கள், தாங்கள் பாடாத பாட்டை மேடையில் பாடிக்காட்ட வேண்டிய நிலை. இரண்டு பக்கமும் அநியாயம்.

நம் பழைய சினிமா இசைத்தட்டுகளில் கோரஸ் பாடியவர்களின் பெயர் இருக்காது. அங்கேயும் அதேதான். பின்னணிக் குரல் கொடுத்த பெண்களை ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டு, கூலி கொடுத்து, அனுப்பிவிடுவார்கள்.

மெர்ரி கிளேட்டனின் கதையும் இதே வகை. 1969இல் ஒரு நாள் நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் அவருக்கு போன் வந்தது. கர்ப்பிணியாக இருந்தார், படுக்கப் போகும் நேரம். இருந்தும் கிளம்பிப் போய் ‘கிம்மி ஷெல்டர்’ பாடினார். இயர்போனில், மூன்றாவது நிமிடத்தை ஒட்டி வரும் இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். உச்ச ஸ்தாயியில் அவர் குரல் உடையும். ஒரு தடவை உடைந்த குரலோடு மறுபடியும் மேலே ஏறுவார். அதைக் கேட்டு ஸ்டுடியோவில் யாரோ வியந்து கத்துவதும் பதிவாகியிருக்கிறது. அந்த நாட்களிலேயே அவருடைய கர்ப்பம் கலைந்துவிட்டது. பல ஆண்டுகள் அந்தப் பாட்டைக் கேட்பதே கடினமாக இருந்தது என்று அவர் சொல்லியிருக்கிறார். அந்தப் பாட்டு வந்த எல்.பி.யின் (பல பாட்டுகள் கொண்ட பெரிய தட்டு) அட்டையில் அவர் பெயரை எழுத்துப்பிழையோடு மேரி என்று அச்சிட்டிருந்தார்கள். 1970இல் அதே பாட்டைத் தன் சொந்தப் பெயரில், தன் சொந்த ஆல்பத்தில் மறுபடி பாடினார். அதையும் தேடிக் கேளுங்கள். பின்னணியில் நின்ற குரல் நடுவுக்கு வந்தால் எப்படி இருக்கும் என்பது அதில் தெரியும்.

டார்லீன் லவ், மெர்ரி கிளேட்டன், கிளாடியா லெனியர், லிசா ஃபிஷர் போன்ற பின்னணிப் பாடகிகளைப் பற்றி 2013இல் ‘ட்வென்டி ஃபீட் ஃப்ரம் ஸ்டார்டம்’ என்ற ஆவணப்படம் வந்தது. சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் அதற்குக் கிடைத்தது. புதிதாக வருகிறவர்கள் பார்க்க வேண்டிய முதல் படம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

லேபிளைச் சரிபார்க்க ‘டிஸ்காக்ஸ்’ தளத்தைப் பயன்படுத்துங்கள். உலகம் முழுக்க உள்ள தட்டு சேகரிப்பாளர்கள் சேர்ந்து உருவாக்கிய பெரிய பட்டியல் அது. ஒரு தட்டைத் திறந்தால் முன்னட்டை, பின்னட்டை, லேபிள் ஆகியவற்றின் படங்கள் இருக்கும். கீழே வாசித்தவர்கள், எழுதியவர்கள், ஒலிப்பதிவு செய்தவர்கள் என்று பெயர்ப் பட்டியல் வரும். ஒரு பெயரைத் தட்டினால் அவர் பங்கெடுத்த மற்ற தட்டுகள் எல்லாம் விரியும். பின்னணிக் குரல் என்ற வரியில் இருக்கும் பெண்களின் பெயர்களைத் தட்டிப் பாருங்கள். நீங்கள் வருஷக்கணக்காகக் கேட்ட பாடல்கள் பலவற்றில் அதே பெயர் இருக்கும்.

வாசித்த பெண்கள்

பெண் என்றால் பாடகி என்று நினைத்துத் தேடினால் பாதிப் பேரைத் தவறவிடுவோம்.

கரோல் கேயிலிருந்து தொடங்கலாம். 1935இல் பிறந்தவர். ஜாஸ் கிளப்புகளில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தவர், 1950களின் பிற்பகுதியில் ஸ்டுடியோ வேலைக்கு வந்தார். 1963இல் ஒரு ஒலிப்பதிவுக்கு பேஸ் வாசிக்க வேண்டியவர் வராமல் போக, இவர் பேஸ் கிட்டாரை எடுத்தார். பிறகு அதுவே அவருடைய வாத்தியம் ஆனது. பீச் பாய்ஸின் ‘பெட் சவுண்ட்ஸ்’ ஆல்பத்தில் அவர் வாசிப்பு இருக்கிறது. சன்னி அண்ட் ஷெர் பாடிய ‘தி பீட் கோஸ் ஆன்’ பாட்டை ஒரு பயிற்சியாக வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு கிட்டத்தட்ட ஒரே கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டில்) நிற்கிறது. பேஸ் கிட்டாரின் அந்தச் சுழலும் வரியை எடுத்துவிட்டால் மிச்சம் அதிகம் இல்லை. அந்த வரி கரோல் கே உருவாக்கியது. அந்தக் காலத்து அட்டைகளில் ஸ்டுடியோ கலைஞர்களின் பெயரை அச்சிடும் வழக்கம் பெரும்பாலும் கிடையாது. ஆண் கலைஞர்களுக்கும் அதே கதிதான். ஆனால் ஆண்களைப் பற்றிப் பின்னால் எழுத ஆட்கள் வந்த அளவுக்கு இவருக்கு வரவில்லை.

அடுத்து பார்பரா லின். டெக்சஸின் போமான்ட் ஊர்க்காரர், இடது கையால் எலக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவர். 1962இல், 20 வயதில், தானே எழுதிப் பாடிய ‘யூல் லூஸ் எ குட் திங்’ ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் முதலிடம் பிடித்தது. தானே எழுதி, தானே பாடி, தானே கிட்டாரும் வாசித்த பெண் அன்றைய சோல் (கறுப்பின அமெரிக்கர்களின் தேவாலயப் பாட்டும் ரிதம் அண்ட் புளூஸும் கலந்த இசை) உலகில் மிக அபூர்வம். 1966இல் டல்லாஸில் படமாக்கிய ‘தி பீட்’ என்ற கலர் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர் வாசிக்கும் காட்சிகள் இருக்கின்றன. ஒரு சிரமமும் முகத்தில் தெரியாமல் நின்று வாசிப்பார். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத வீடியோ அது.

போ டிட்லியின் குழுவில் முதலில் லேடி போ, பிறகு தி டச்சஸ் என்று இரண்டு பெண் கிட்டார் கலைஞர்கள் இருந்தார்கள். 1965இல் படமாக்கிய ‘தி பிக் டி.என்.டி. ஷோ’வில் தி டச்சஸை நன்றாகவே பார்க்கலாம். ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன் குழுவில் டிரம்பெட் வாசித்தவர் சிந்தியா ராபின்சன். ‘டான்ஸ் டு தி மியூசிக்’ தொடக்கத்தில் எழுந்து ஆடச் சொல்லி அதட்டும் குரல் அவருடையது.

நிஜமாகவே வாசிக்கிறார்களா?

நிகழ்ச்சியிலிருந்து தொடங்குங்கள் என்றேன். அதில் ஒரு சிக்கல் உண்டு. அந்தக் காலத் தொலைக்காட்சியில் பாதிக்கு மேல் வாயசைப்பு. தட்டை ஓடவிட்டு, அதற்கேற்ப வாயசைக்கச் சொல்வார்கள். எதை நம்பலாம் என்று கண்டுபிடிக்கக் கொஞ்சம் பழக வேண்டும்.

எலக்ட்ரிக் கிட்டாரிலிருந்து வயர் போகிறதா என்று பாருங்கள். அந்தக் காலத்தில் வயர் இல்லாமல் சத்தம் வருகிறது என்றால் அது பெரும்பாலும் தட்டுதான். டிரம்ஸ் பக்கத்தில் மைக் இருக்கிறதா? பாட்டின் முடிவில் சத்தம் மெல்ல மெல்லத் தேய்ந்து மறைகிறதா? மேடையில் வாசிக்கிறவர்கள் ஒரு இடத்தில் முடித்தாக வேண்டும், தேய்ந்து மறைய வழி இல்லை. கடைசியாக, தட்டையும் வீடியோவையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். மூச்சு விடும் இடம் உட்பட எல்லாம் ஒன்றாக இருந்தால் வாயசைப்பு. வாயசைப்பு வீடியோவும் வீண் இல்லை, முகமும் உடையும் ஆட்டமும் கிடைக்கும். கை வித்தையை அதிலிருந்து மதிப்பிடக் கூடாது, அவ்வளவுதான்.

நம்பிப் பார்க்கக்கூடிய களஞ்சியம் ஒன்று, ஜெர்மனியின் ரேடியோ பிரேமன் 1965 முதல் 1972 வரை நடத்திய ‘பீட் கிளப்’. தொகுத்து வழங்கியவர் ஊஷி நெர்கே என்ற பெண். ஆரம்பத்தில் வாயசைப்புதான். கலருக்கு மாறிய பிறகு குழுக்கள் ஸ்டுடியோவில் நேரடியாகவே வாசித்தன. பல நிறுவனங்கள் பழைய டேப்புகளை அழித்து மேலே வேறு நிகழ்ச்சியைப் பதிவு செய்த காலத்தில் இவர்கள் பத்திரமாக வைத்திருந்தார்கள். இன்று தெளிவான படமும் ஒலியும் கிடைப்பதற்கு அதுதான் காரணம்.

அதில் 1971ஆம் ஆண்டு ஃபேனி குழுவைத் தேடுங்கள். பிலிப்பைன்ஸின் மணிலாவில் பிறந்து, 1961இல் கலிபோர்னியாவுக்கு வந்த ஜூன், ஜீன் மில்லிங்டன் என்ற சகோதரிகள். அக்கா கிட்டார், தங்கை பேஸ். நிக்கி பார்க்ளே கீபோர்டு, ஆலிஸ் டி பூர் டிரம்ஸ். நால்வரும் பாடுவார்கள். 1970இல் ரிப்ரைஸ் நிறுவனத்தில் முதல் எல்.பி. பெரிய நிறுவனம் ஒன்றில் முழு ஆல்பம் வெளியிட்ட முதல் பெண்கள் ராக் குழுக்களில் ஒன்று. ‘சாரிட்டி பால்’ பாட்டு 1971இல் அமெரிக்காவின் முதல் 40க்குள் வந்தது. அப்புறம் மார்வின் கேயின் ‘எய்ன்ட் தட் பெக்யூலியர்’ பாட்டை அவர்கள் பீட் கிளப்பில் வாசிக்கும் காட்சியைப் பாருங்கள். சோல் பாட்டை ராக்காக மாற்றுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. பேஸும் டிரம்ஸும் பூட்டிப் பிடித்திருக்கும், அதன் மேல் கிட்டாரும் கீபோர்டும் பாயும். தங்கள் காலத்தின் மிகச் சிறந்த ராக் குழுக்களில் ஒன்று என்று டேவிட் போவி 1999இல் அவர்களைப் புகழ்ந்தார். அவர் சொன்னபோது குழு கலைந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. ஜூன் மில்லிங்டன் பிறகு, இசையில் பெண்களை வளர்ப்பதற்காக ‘இன்ஸ்டிட்யூட் ஃபார் தி மியூசிக்கல் ஆர்ட்ஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். 2021இல் குழுவைப் பற்றி ஓர் ஆவணப்படமும் வந்தது.

ஃபேனிக்கு முந்தைய கண்ணிகளும் உண்டு. நியூயார்க்கின் கோல்டி அண்ட் தி ஜிஞ்சர்பிரெட்ஸ், லிவர்பூலிலிருந்து ஹாம்பர்கின் ஸ்டார் கிளப்புக்குப் போய்ப் பெயர் வாங்கிய லிவர்பேர்ட்ஸ், டெட்ராய்ட்டில் சூசி குவாட்ரோ தன் சகோதரிகளோடு நடத்திய பிளெஷர் சீக்கர்ஸ். மூன்றும் 1960களின் முழுப் பெண்கள் குழுக்கள்.

இன்னொரு தேடல் யுக்தி: கலைஞரின் பெயர் தெரியாதபோது நிகழ்ச்சியின் பெயரையும் ஆண்டையும் போட்டுத் தேடுங்கள். ஷிண்டிக், ரெடி ஸ்டெடி கோ, பீட் கிளப், சோல் டிரெயின், டவுன் ஹால் பார்ட்டி என்று ஒவ்வொன்றாகப் போடுங்கள். கடைசியில் சொன்னதில் 1958இல் வாண்டா ஜாக்சன் ராக் அண்ட் ரோல் பாடுவதைக் காணலாம். அப்போது அவருக்கு வயது 21.

அலமாரியில் கிடந்தவை

சில பதிவுகள் அந்தந்தக் காலத்தில் வெளியே வரவே இல்லை.

பெட்டி லாவெட் 16 வயதில் முதல் தட்டு வெளியிட்ட டெட்ராய்ட் பாடகி. 1972இல் அலபாமாவின் மசில் ஷோல்ஸ் ஊரில் அட்கோ நிறுவனத்துக்காக ஒரு முழு ஆல்பம் பாடினார். நிறுவனம் அதை வெளியிடவில்லை. 2000ஆம் ஆண்டில் பிரெஞ்சு சேகரிப்பாளர் ஒருவர் தேடி எடுத்து வெளியிட்ட பிறகு, 50 வயதைத் தாண்டிய நிலையில் அவருக்கு இரண்டாவது வாழ்க்கை தொடங்கியது. 2008இல் கென்னடி சென்டர் விழாவில் ‘தி ஹூ’ குழுவின் பாட்டை அந்தக் குழுவினர் முன்னாலேயே அவர் பாடிய வீடியோவைப் பாருங்கள். லண்டனில் பெயர் பெற்ற அமெரிக்கப் பாடகி பி.பி. ஆர்னால்டு 1960களின் கடைசியில் பதிவு செய்த பாடல்கள் 2017இல்தான் ஆல்பமாக வந்தன. பெட்டி டேவிஸ் 1973 முதல் 1975 வரை மூன்று ஆல்பங்கள் வெளியிட்டார். பாடல்களைப் பெரும்பாலும் எழுதியது அவரே. அந்தத் துணிச்சலை வானொலிகள் தாங்கவில்லை. 1976இல் பதிவு செய்த நான்காவது ஆல்பம் 2009 வரை வரவில்லை. அவருடைய மேடைப் படங்கள் மிகக் குறைவு என்பதால் இவரை மட்டும் தட்டிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும்.

படங்களுக்கும் இதே கதி. 1969இல் நியூயார்க்கின் ஹார்லெமில் நடந்த கலை விழாவைச் சுமார் 40 மணி நேரம் படம் பிடித்தார்கள். வாங்க ஆள் இல்லாமல் ஐம்பது ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. 2021இல் ‘சம்மர் ஆஃப் சோல்’ படமாக வந்தது. அதில் மஹாலியா ஜாக்சனும் மேவிஸ் ஸ்டேபிள்ஸும் ஒரே மைக்கில் மாறி மாறிப் பாடும் இடம் ஒன்றுக்காகவே படத்தைப் பார்க்கலாம். சிந்தியா ராபின்சன் டிரம்பெட்டோடு நிற்பதையும் அதில் பார்ப்பீர்கள். அரேதா ஃபிராங்க்ளின் 1972இல் லாஸ் ஏஞ்சலஸ் தேவாலயம் ஒன்றில் பாடியதைப் படம் பிடித்தவர்கள் ஒவ்வொரு காட்சிக்கும் முன் கிளாப் பலகை அடிக்காமல் விட்டதால் படமும் ஒலியும் பொருந்தவில்லை. 2018இல்தான் அது வெளிவந்தது.

இப்படிப்பட்டவற்றைத் தேடி மறுவெளியீடு செய்யும் நிறுவனங்களின் பெயர்களை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: லண்டனின் ஏஸ், சியாட்டிலின் லைட் இன் தி அட்டிக், சிகாகோவின் நியூமெரோ குரூப். இவர்களுடைய சி.டி.க்களோடும் எல்.பி.க்களோடும் வரும் சிறு புத்தகங்களில் பழைய கலைஞர்களின் பேட்டிகளும் படங்களும் இருக்கும். சில பெண்களைப் பற்றி வேறு எங்கும் கிடைக்காத தகவல் அங்கே கிடைக்கும்.

ஸ்ட்ரீமிங் செயலிகளில் இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. ஒன்று, அங்கே காட்டும் ஆண்டு பல சமயம் மறுவெளியீட்டு ஆண்டு. 1962ஆம் ஆண்டுப் பாட்டுக்கு 2005 என்று போட்டிருக்கும். இரண்டு, பல கலைஞர்கள் தங்கள் பழைய வெற்றிப் பாடல்களைப் பல ஆண்டுகள் கழித்து வேறு சிறு நிறுவனங்களுக்கு மறுபடி பாடிக்கொடுத்திருக்கிறார்கள். அதே பெயர், அதே இளமைக் காலப் போட்டோ, ஆனால் பதிவு வேறு. டிஸ்காக்ஸில் மூலத் தட்டின் நீளத்தைப் பார்த்து ஒப்பிடுங்கள். பத்து இருபது வினாடி வித்தியாசம் இருந்தால் சந்தேகப்படுங்கள். டிரம்ஸ் சத்தம் புதுசாகக் கேட்டாலும் அப்படியே.

நோட்டில் என்ன எழுதுவது

பாட்டின் பெயர், ஆண்டு, ஊர், பாடியவர், வாசித்தவர்கள், எங்கே பார்த்தீர்கள், நேரடியா வாயசைப்பா. இவ்வளவு போதும். ஒவ்வொரு பதிவிலும் உங்களுக்குத் தெரியாத ஒரு பெண்ணின் பெயரை அடிக்கோடிட்டு வையுங்கள். அடுத்த வாரம் அவர். பாடகி ஆன் பீபிள்ஸில் தொடங்கினால் மெம்பிஸின் ராயல் ஸ்டுடியோவுக்குப் போவீர்கள். சில்வியா ராபின்சனில் தொடங்கினால் 1956ஆம் ஆண்டு ‘லவ் இஸ் ஸ்ட்ரேஞ்ச்’ பாட்டிலிருந்து 1979இல் அவர் தயாரித்த ராப் தட்டு வரை போவீர்கள்.

பிடித்துப்போனால், முடிந்தவரை காசு கொடுத்து வாங்குங்கள். அதிலும் கலைஞரோ குடும்பத்தினரோ சம்மதித்து வெளியிட்டதைத் தேடி வாங்குங்கள். வாழ்நாள் முழுக்கச் சரியான பங்கு கிடைக்காதவர்கள் இவர்கள்.

கொஞ்ச நாள் பழகியதும் டிஸ்காக்ஸில் ஒரு கணக்கு தொடங்குங்கள். இலவசம்தான். அந்தப் பட்டியலை நம்மைப் போன்றவர்கள்தான் நிரப்புகிறார்கள். உங்கள் கையில் இருக்கும் ஒரு பழைய தட்டின் அட்டையில் அச்சாகியிருக்கும் பெண்ணின் பெயர் தளத்தில் விடுபட்டிருந்தால், அட்டையைப் படம் எடுத்து ஏற்றி, அந்தப் பெயரை நீங்களே சேர்க்கலாம்.